போர்வெல் தண்ணீரில் ஆர்செனிக்: பார்ப்பதும் படிப்பதும்

போன வருஷம் ஆவணி மாதம் ஒரு காலையில், பக்கத்துத் தோட்டத்து மாமா சைக்கிளை எங்கள் வாசல் வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்தார்.

"அம்மிணி, நம்ம போர்ல பாஷாணம் வந்துருச்சு. மூடிப் போட்டறலாமா?"

அவருடைய மகன் திருப்பூரில் இருந்து தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறான். ரிப்போர்ட்டில் ஆர்செனிக் என்ற வரிக்கு நேரே 0.012 என்று போட்டு, பக்கத்தில் நட்சத்திரக் குறி. ஒரு வாரமாக வீட்டில் கேன் தண்ணீர்தான். மாட்டுக்கும் கேன் தண்ணீர். காங்கேயம் மாடு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் செலவு புரியும்.

நான் முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூவுக்கு கெமிஸ்ட்ரி எடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் யாராவது தண்ணீர் ரிப்போர்ட்டோடு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: இது விஷமா, இல்லையா? அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஆர்செனிக் என்ற பொருளின் குணம் நான்கைந்து தெரிந்துவிட்டால், எப்படிப் பார்ப்பது, எதை நம்புவது, எதை நம்பக் கூடாது என்பதெல்லாம் தானாகவே விளங்கும். அதனால் முதலில் ஆசாமியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். அப்புறம் தண்ணீருக்கு வரலாம்.

ஆசாமி யார்?

அணு எண் 33. தனிம அட்டவணையில் 15ஆம் தொகுதி. மேலே பாஸ்பரஸ், கீழே ஆன்டிமனி. உலோகமும் இல்லை, அலோகமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற உலோகப்போலி. சாதாரணமாகக் கிடைக்கும் வடிவம் சாம்பல் நிறம். புதிதாக உடைத்தால் எஃகு மாதிரி பளபளக்கும், காற்றுப் பட்டால் மங்கிவிடும். பார்க்க உலோகம்தானே என்று சுத்தியலால் தட்டினால் தகடாகாது, நொறுங்கிவிடும். அடர்த்தி 5.73, அதாவது அதே அளவு தண்ணீரைப் போல ஐந்தே முக்கால் மடங்கு கனம். மஞ்சள் வடிவம் ஒன்றும் உண்டு. அது மெழுகு மாதிரி மென்மையாக இருக்கும், அடர்த்தி 1.97தான். வெளிச்சம் பட்டால் சாம்பலாக மாறிவிடும், பாட்டிலில் போட்டு வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிற சமாசாரம் இல்லை.

சூடாக்கினால் உருகாது. 615 டிகிரி செல்சியஸ் வாக்கில் திடத்திலிருந்து நேராக ஆவியாகிவிடும், டப்பாவில் வைத்த கற்பூரம் கரைந்து போகிற மாதிரி. உருக்கியே ஆக வேண்டும் என்றால் காற்றழுத்தத்தைப் போல 28 மடங்கு அழுத்தம் கொடுத்து 817 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். பரீட்சைக்கு இந்த இரண்டு எண்களும் குழப்பும். உருகுநிலை கொதிநிலையைவிட அதிகமாக இருக்கிறதே, புத்தகத்தில் அச்சுப் பிழையா என்று வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். அழுத்தம் வேறு வேறு, அவ்வளவுதான்.

காற்றில் எரிந்தால் நீலச் சுவாலை, வெள்ளைப் புகை, பூண்டு நாற்றம். அந்த வெள்ளைப் புகை படிந்ததுதான் ஆர்செனிக் ட்ரை ஆக்சைடு. நம் ஊர்ப் பேச்சில் வெள்ளைப் பாஷாணம். நிறமில்லை, மணமில்லை, சொல்லும்படியாகச் சுவையும் இல்லை, தண்ணீரில் கரையும். பூண்டு நாற்றம் எரியும்போதுதான். கரைந்த தண்ணீரில் ஒன்றும் வராது. இதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேதியியலில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, கந்தகத்தின்மேல் இதற்கு இருக்கிற ஒட்டுதல். நான் பி.எஸ்சி. படித்த காலத்தில் உப்புப் பகுப்பாய்வில் ஆர்செனிக் இரண்டாம் தொகுதியில் வரும் (இது சோதனை வரிசையின் தொகுதி, தனிம அட்டவணைத் தொகுதி வேறு). அமிலம் கலந்த கரைசலுக்குள் வாயு தயாரிக்கும் கிப் உபகரணத்திலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடை விடுவோம். லேப் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். அன்று டிபன் பாக்ஸைத் திறக்கவே தோன்றாது. சோதனைக் குழாயில் கோழி முட்டை மஞ்சள் கரு மாதிரி ஒரு வீழ்படிவு இறங்கும். காட்மியத்துக்கும் மஞ்சள்தான் வரும். ஒரு தரம் நான் காட்மியத்தை ஆர்செனிக் என்று எழுதி மதிப்பெண் போயிற்று. மஞ்சள் அம்மோனியம் சல்ஃபைடில் கரைகிறதா என்று பார்த்திருக்க வேண்டும்: ஆர்செனிக் கரையும், காட்மியம் கரையாது. அவசரத்தில் விட்டுவிட்டேன்.

அந்தக் குழாயில் இறங்கிய மஞ்சள், மண்ணில் கனிமமாகவும் கிடைக்கிறது. அதற்குத் தமிழில் பெயர் அரிதாரம். சித்த மருத்துவர்கள் தாளகம் என்பார்கள். கூத்துக் கலைஞர்கள் முகத்தில் மஞ்சளுக்குப் பூசியது இதைத்தான். அதனால்தான் இன்றைக்கு எந்த ஒப்பனைக்கும் அரிதாரம் பூசுவது என்கிறோம். பெயர் மிஞ்சியது, பொருள் போனது, நல்லதாயிற்று. அரிதாரத்துக்கு ஒரு சிவப்புத் தம்பி உண்டு, மனோசிலை. அதுவும் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்ததுதான், விகிதம் வேறு. உடம்புக்குள்ளும் இதே ஒட்டுதல்தான் வேலை செய்கிறது. நம் நொதிகளில் இருக்கும் கந்தகத்தை மூன்று இணைதிற ஆர்செனிக் பிடித்துக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். முடியிலும் நகத்திலும் கந்தகம் அதிகம் என்பதால் அங்கே போய்த் தங்கும்.

இரண்டாவது, மேல் வீட்டு பாஸ்பரஸின் சாயல். ஐந்து இணைதிற ஆர்செனேட் பார்வைக்கு பாஸ்பேட் மாதிரியே இருப்பதால் உடம்பு ஏமாந்து உள்ளே விட்டுவிடுகிறது. மூன்று, ஐந்து என்ற இந்த இரண்டு நிலைகளும் பின்னால் வடிகட்டி வாங்கும்போது திரும்ப வரும்.

எதையெல்லாம் நம்பக் கூடாது

நாக்கை நம்பாதீர்கள். எங்கள் பக்கம் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டே சாதிதான். ஆர்செனிக் இருக்கிற தண்ணீர் இளநீர் மாதிரி இனிக்கவும் கூடும், இல்லாத தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் உவர்க்கவும் கூடும்.

கொதிக்க வைப்பதால் குறையாது. கிருமி சாகும், அது வேறு கதை. ஆர்செனிக்கே தனியாக ஆவியாக 615 டிகிரி வேண்டும். தண்ணீர் 100 டிகிரியில் போய்விடும். பத்து லிட்டரைக் கொதிக்க வைத்து எட்டு லிட்டராக்கினால், லிட்டருக்கு 0.010 மில்லிகிராம் இருந்தது 0.0125 ஆகும். வெந்நீர் நல்லது என்று சுண்டக் காய்ச்சிக் குடிப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

டிடிஎஸ் மீட்டர் இதற்கு உதவாது. அது கரைந்த உப்பு மொத்தத்தையும் மின்கடத்துதிறனை வைத்து மதிப்பிடுகிறது. எங்கள் போரில் 1,800 காட்டும். அதில் 0.01 ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு எப்படித் தெரியும்? மூட்டை எடை போடும் தராசில் கடுகை நிறுக்கிற வேலை.

அப்புறம் அந்த இரண்டு கம்பிச் சோதனை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் நான்கு வீடுகள் இதைப் பார்த்துவிட்டு மெஷின் வாங்கின.

சுத்திகரிப்பு மெஷின் விற்கும் தம்பி ஒருவர் வந்தார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். மேஜையில் இரண்டு டம்ளர் வைத்தார். ஒன்றில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த மெஷின் தண்ணீர். டம்ளருக்கு இரண்டாக நான்கு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி, பிளக்கைச் சொருகினார். அரை நிமிஷத்தில் எங்கள் தண்ணீரில் பச்சையும் பழுப்புமாக நுரைத்துக்கொண்டு ஒரு சேறு எழும்பியது. அவருடைய டம்ளர் தெளிவாகவே இருந்தது. "பாருங்க மேடம், இதுல இருக்கறது ஆர்செனிக், லெட், பூச்சி மருந்து."

நான் அடுக்களையில் இருந்து ஒரு சிட்டிகை கல்லுப்பு கொண்டுவந்தேன். "கண்ணு, இதை உன் டம்ளர்ல போட்டு இன்னொரு தடவை பண்ணு." தயங்கினார், போட்டார். அதே சேறு எழும்பியது.

நடந்தது இதுதான். ஒவ்வொரு ஜோடிக் கம்பியிலும் ஒன்று இரும்பு. உப்பு இருக்கிற தண்ணீரில் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாக வெளியே வரும். உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, அதனால் ஒன்றும் நடக்காது. சேறு வந்தது கம்பியிலிருந்து, தண்ணீரிலிருந்து இல்லை. வீட்டு மின்சாரத்தைத் தண்ணீரில் விடுகிற விளையாட்டு இது, நீங்கள் செய்து பார்க்க வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. புதிதாக உருவாகும் அந்த இரும்புத் துரு, தண்ணீரில் ஆர்செனிக் இருந்தால் அதைப் பிடித்து ஒட்டவைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். அமெரிக்காவில் பெர்க்லியில் அசோக் காட்கில் குழுவினர் இதே மின்சாரமும் இரும்பும் வைத்துத்தான் மேற்கு வங்கத்தில் ஆர்செனிக் நீக்கும் முறையை உருவாக்கினார்கள். அந்தத் தம்பி விஷம் என்று காட்டியது, விஷத்தை எடுக்கும் மருந்து. சொன்னேன். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

தண்ணீர் எடுக்கும் விதம்

பாதி ரிப்போர்ட்டுகள் தப்பாவது பாட்டிலில்தான். போகும் முன்பே லேபுக்குப் போன் செய்யுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன, தனியார் லேபுகளும் உண்டு. "தண்ணி டெஸ்ட் பண்ணுவீங்களா" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். "ஆர்செனிக் பார்ப்பீர்களா, எந்த முறையில், எவ்வளவு குறைவு வரை உங்களால் அளக்க முடியும்" என்று மூன்றையும் கேளுங்கள். குடிநீருக்கான எல்லை 0.01. அதற்குக் கீழே அளக்க முடியாத இடத்தில் ஆர்செனிக்குக்காகக் காசு கொடுக்க வேண்டாம்.

இரண்டு பாட்டில் வாங்குங்கள், லேபே கொடுக்கும். ஒன்றில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் இருக்கும், அல்லது நீங்கள் கொண்டுபோனதும் அவர்கள் சேர்ப்பார்கள். அது ஆர்செனிக்குக்கும் உலோகங்களுக்கும். அமிலம் ஏற்கெனவே இருக்கிற பாட்டிலை அலசாதீர்கள், கீழே கொட்டாதீர்கள், கையில் படவிடாதீர்கள். இன்னொன்று வெறும் பாட்டில், மற்ற சோதனைகளுக்கு. அதை மட்டும் அந்தத் தண்ணீராலேயே மூன்று தரம் அலசிவிட்டு நிரப்புங்கள். கடலை எண்ணெய் வாங்கிய பாட்டிலைக் கழுவிக் கொண்டுபோகிற பழக்கம் எங்கள் ஊரில் இருக்கிறது, அது ஆகாது.

அமிலம் எதற்கு? எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். அரை மணி நேரம் குடத்தில் நின்றால் அடியில் செம்மண் நிறம் கட்டும். காற்றுப் பட்டதும் கரைந்த இரும்பு துருவாகிறது. முன்னே சொன்னேனே, துரு ஆர்செனிக்கைப் பிடித்துக்கொள்ளும் என்று. அதே வேலை பாட்டிலுக்குள்ளும் நடக்கும். ஆர்செனிக் துருவோடு சேர்ந்து பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ள, லேபில் மேல் தண்ணீரை எடுத்து அளந்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதிவிடுவார்கள். அமிலம் இருந்தால் இரும்பு கரைசலிலேயே நிற்கும்.

மோட்டார் பத்து நிமிஷம் ஓடிய பிறகு, போர் வாயில் இருந்தே பிடியுங்கள். மாடித் தொட்டியிலிருந்து பிடித்தால் உங்கள் தொட்டியின் ஜாதகம்தான் வரும். தேதி, நேரம், போரின் ஆழம் எழுதி ஒட்டுங்கள். மூன்று வருஷம் கழித்து 900 அடிக்கு இறக்கும்போது இந்தச் சீட்டு பயன்படும்.

கிட் வைத்துப் பார்ப்பதானால்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு செய்து காட்ட கிட் வாங்கியிருக்கிறேன். பெட்டிக்குள் இருப்பது நூற்றெண்பது வருஷத்துக்கும் மேலான கதை. 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், துத்தநாகமும் அமிலமும் சேர்த்தால் ஆர்செனிக் ஆர்சின் என்ற வாயுவாக வெளியே வருகிறது என்பதைப் பிடித்துக்கொண்டார். அதைக் குழாயில் சூடாக்கினால் கண்ணாடியில் கருப்பாக ஒரு பளபளப்புப் படியும். நாக்குக்கும் மூக்குக்கும் பிடிபடாமல் திரிந்தது கண்ணுக்கு வசமாகச் சிக்கியது இப்படித்தான். 1840இல் பிரான்சில் லஃபார்ஜ் கொலை வழக்கில் இதை வைத்துச் சாட்சி சொன்ன பிறகு ஐரோப்பா முழுவதும் பிரபலமானது. பின்னால் வந்த குட்சைட் முறையில் சூடாக்கும் வேலை இல்லை. வாயு மேலே வந்து பாதரச புரோமைடு தடவிய தாளில் பட்டால் மஞ்சளாகும், அதிகமானால் பழுப்பாகும்.

கிட்டின் அளவுகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அட்டையில் உள்ளபடியே செய்யுங்கள். நான் சேர்க்க விரும்புவது அட்டையில் சின்ன எழுத்தில் இருப்பவை. வீட்டுக்குள் செய்யாதீர்கள், திண்ணையில் செய்யுங்கள். வருவது ஹைட்ரஜன், அதோடு ஆர்சின். ஒன்று தீப்பிடிக்கும், மற்றது நச்சு. பீடியோடு எட்டிப் பார்க்கும் பெரியவர்களை முதலில் அனுப்பிவிடுங்கள். தாளில் பாதரசம் இருப்பதால் விரலால் தொடக் கூடாது, முடிந்ததும் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது; கட்டிவைத்து லேபிடம் கொடுத்துவிடுங்கள். தண்ணீரில் அழுகிய முட்டை வாசம் இருந்தால் அந்தக் கந்தக வாயுவும் தாளைக் கறுக்க வைக்கும். அதைத் தடுக்க கிட்டில் தனிப் பொடியோ பஞ்சோ இருக்கும், அதைத் தவிர்த்துவிட்டுச் செய்யாதீர்கள்.

நிறத்தை நிழலில் வைத்து, இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எழுதுங்கள். 0.01 அளவில் வரும் மஞ்சள், வெள்ளை வேட்டியில் மோர் சிந்தின மாதிரிதான் இருக்கும். என் கண்ணுக்குத் தெரிந்தது பக்கத்து டீச்சருக்குத் தெரியவில்லை. தண்ணீரில் 0.05, 0.1 என்று இருந்தால் கிட் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். எல்லைக்கோட்டில் நிற்கும் தண்ணீருக்குத் தீர்ப்புச் சொல்லாது, அதற்கு லேப்தான்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

முதலில் அலகு. லிட்டருக்கு மில்லிகிராமா, மைக்ரோகிராமா? 0.01 மில்லிகிராமும் 10 மைக்ரோகிராமும் ஒன்றே. "எங்களுக்கு 4 வந்திருக்கு, எல்லை 0.01தானாம்" என்று அழுதுகொண்டு வந்த வீட்டில் 4 மைக்ரோகிராம் இருந்தது, அதாவது 0.004.

எல்லை என்னவென்றால், உலக சுகாதார நிறுவனம் 1993 முதல் 0.01 என்கிறது. நம் ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரத்திலும் 0.01தான். பழைய ரிப்போர்ட்டுகளில் 0.05 என்று எல்லை அச்சடித்திருக்கும், 1991 தரத்தில் அப்படி இருந்தது. பழைய ரிப்போர்ட்டைக் காட்டி "அப்பவே பாஸ்" என்று சொல்ல வேண்டாம். 0.01 என்பது எவ்வளவு என்றால், 12,000 லிட்டர் டேங்கர் லாரி முழுக்க 0.12 கிராம். மூக்குப்பொடி ஒரு சிட்டிகை அளவுகூட இல்லை. இந்த அளவில் யாரும் இன்றைக்குக் குடித்து நாளைக்கு விழமாட்டார்கள். பல வருஷம் குடிப்பதைப் பற்றிய கவலை இது.

கண்டறியும் வரம்புக்குக் கீழே என்று எழுதியிருந்தால் பூஜ்யம் என்று அர்த்தமில்லை. அந்த வரம்பு எவ்வளவு என்று பாருங்கள்.

இனி மாமாவின் 0.012. எல்லையைத் தாண்டியதுதான். ஆனால் அதே காகிதத்தில் குளோரைடு 1,140 என்று இருந்தது. எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர், ஆச்சரியமில்லை. எந்த முறை என்று கீழே பார்த்தேன், ஐ.சி.பி. எம்.எஸ். என்று இருந்தது. அந்த மெஷின் ஆர்கான் வாயுவில் தண்ணீரைத் தீய்த்து, அணுக்களை நிறை வாரியாக எண்ணுகிறது. இயற்கையில் ஆர்செனிக்குக்கு ஒரே ஓர் ஐசோடோப்புதான், நிறை 75. ஆர்கான் 40, குளோரின் 35. இரண்டும் மெஷினுக்குள் ஒட்டிக்கொண்டால் 75. மெஷின் அதையும் ஆர்செனிக் கணக்கில் எழுதிவிடும். இதைத் தடுக்க மெஷினிலேயே வசதி உண்டு. போட்டுப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. அந்த லேபைக் குறை சொல்ல எனக்கு ஆதாரமில்லை, ஆனால் உப்புத் தண்ணீருக்கு இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

"மாமா, மூடவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம். இன்னொரு இடத்துல பார்த்துக்கலாம்" என்றேன். வேறு லேபில், ஹைட்ரைடு முறையில் பார்க்கச் சொன்னோம். அது மார்ஷ் செய்ததேதான்: ஆர்செனிக்கை மட்டும் வாயுவாகப் பிரித்தெடுத்து அளப்பது, உப்பு பின்னாலேயே நின்றுவிடும். 0.003 வந்தது.

காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் மேல் வரிகளையும் படித்தேன். ஃப்ளூரைடு 1.9. எல்லை 1.0, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5. அந்த வரிக்கு நட்சத்திரம் போடவில்லை, யாரும் பார்க்கவுமில்லை. மாமாவின் பேத்தி சிரித்தால் முன்பல்லில் சுண்ணாம்புக் கோடு மாதிரி தெரியும், ஃப்ளூரைடு செய்கிற வேலை அது. மருதாணி போல அது ஏதோ கறை என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கொங்கு நாட்டில் ஆர்செனிக்கைவிட இதுதான் அதிகம் பார்க்க வேண்டியது. வங்காளத்துக் கதை வேறு. அங்கே இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல், அதன் மணலில் இரும்புத் துருப் பூச்சு, அந்தப் பூச்சில் ஒட்டிய ஆர்செனிக். அடியில் காற்றில்லாத இடத்தில் துரு கரையும்போது ஆர்செனிக்கும் விடுபட்டு நீரில் கலக்கிறது. 1983இல் கொல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாகா நோயாளிகளின் கைகால்களில் பார்த்த புள்ளிகளிலிருந்துதான் அது வெளியே வந்தது. நமக்கு அடியில் இருப்பது கரும்பாறை. வெடிப்புகளில் நிற்கும் தண்ணீர். உப்பும் ஃப்ளூரைடும் ஏறும். அதற்காக ஆர்செனிக் வரவே வராது என்று சொல்லமாட்டேன். ஒரு தரம் பார்த்துவிடுங்கள், குறைவாக இருந்தால் ஃப்ளூரைடு, நைட்ரேட் பக்கம் கவனத்தைத் திருப்புங்கள்.

உண்மையிலேயே கூட வந்துவிட்டால்

குடிப்பதற்கும் சமையலுக்கும் நிறுத்துங்கள். குளிக்க, துணி துவைக்கப் பயன்படுத்தலாம். தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு. பஞ்சாயத்துக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்தால் அதற்கு மாறுவதுதான் மலிவான வழி.

மெஷின் வாங்குவதானால் மூன்று, ஐந்து கணக்கை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஐந்து இணைதிற ஆர்செனேட்டுக்கு மின்சுமை உண்டு, ஆர்.ஓ. சவ்வு அதை நன்றாகத் தடுக்கும். மூன்று இணைதிற ஆர்செனைட்டுக்கு சாதாரணக் குடிநீரில் சுமையே இல்லை. சவ்வுக்குள் கணிசமாக நழுவிப் போகும். ஆழத்துத் தண்ணீரில் இந்த மூன்றுதான் அதிகம் இருக்க வாய்ப்பு. குளோரின் கலந்தால் மூன்று ஐந்தாகிவிடும். ஆனால் குளோரின் ஆர்.ஓ. சவ்வைக் கெடுக்கும், அதனால் நடுவில் கரி வடிகட்டி வேண்டும். இதைக் கேட்டு முழிக்கிற விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். இரும்பு ஆக்சைடை வைத்துப் பிடிக்கும் வடிகட்டிகள் இன்னொரு வகை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப் குழு உருவாக்கிய அம்ரித் இந்த வகைதான். எதை மாட்டினாலும் மாட்டிய பிறகு வெளியே வரும் தண்ணீரை ஒரு தரம் லேபில் பாருங்கள்.

அரிசிப் பானையும் பழைய பெட்டியும்

தண்ணீர் சுத்தம் என்றாலும் ஆர்செனிக்குக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. நெல் வயலில் நீர் கட்டி நிற்கும்போது மண்ணில் காற்றில்லாமல் துரு கரைந்து, வங்காளத்தில் பூமிக்கு அடியில் நடப்பது இங்கே சேற்றில் சின்ன அளவில் நடக்கும். நெற்பயிர் சிலிக்காவை உறிஞ்சும் வழியிலேயே ஆர்செனைட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். தவிட்டில் அதிகம் தங்கும், அதனால் கைக்குத்தல் அரிசியில் தீட்டிய அரிசியைவிடக் கொஞ்சம் கூடுதல்.

இதற்கு வழி நம் ஆத்தாமார்கள் செய்தது. அரிசிக்கு ஆறு பங்கு தண்ணீர் வைத்துப் பொங்கவிட்டுக் கஞ்சியை வடித்தால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையும். சில சத்துகளும் அதோடு போகும், மறுக்கவில்லை. குக்கரில் தண்ணீரை அளந்து வைத்தால் உள்ளே இருந்தது உள்ளேயே நிற்கும். அதற்காக அரிசியும் பருப்பும் சோற்றை வடித்துத் தொலைக்காதீர்கள், எப்போதாவது ஆக்குகிறதுதானே. அன்றாடச் சோறுதான் கணக்கு. கம்பு, சோளம், ராகி எல்லாம் நீர் கட்டாத காட்டில் விளைவதால் பொதுவாக இந்தத் தொல்லை குறைவு. குழந்தைக்கு மூன்று வேளையும் அரிசிக் கஞ்சியே கொடுப்பவர்கள் ஒரு வேளையை ராகிக் கூழாக மாற்றலாம்.

கடைசியாக வீட்டில் கிடக்கும் பழைய பொருள்கள். எங்கள் அப்பாரு மாட்டு வைத்தியம் பார்த்தவர். அவருடைய மரப்பெட்டியைத் திறந்தபோது ஒரு சீசாவில் சிவப்புக் கல் இருந்தது. ஜன்னல் பக்கம் இருந்த பாதி மட்டும் மஞ்சள் பொடியாக உதிர்ந்திருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, மனோசிலை வெளிச்சம் பட்டால் அப்படித்தான் ஆகும். மூக்கருகே கொண்டுபோகாமல், ஈரத்துணியால் சுற்றி இரட்டைக் கவரில் போட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்டு ஒப்படைத்தேன். கிணற்றில் போட்டுவிடு என்று சொன்னவர்களும் இருந்தார்கள்! நவபாஷாண மணி என்று விற்பதை வாங்கித் தண்ணீரில் ஊறவைத்துக் குடிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழனி மூலவரைப் போகர் செய்தார் என்பது நம் நம்பிக்கை, அது கோயிலோடு. கடையில் வாங்கிய மணியில் பாஷாணம் இல்லையென்றால் காசு நஷ்டம், இருந்தால் உடம்பு நஷ்டம். பழைய காலத்து பச்சை மருந்து ஏற்றிய கம்பங்களையும் வெந்நீர் அடுப்பில் வைக்காதீர்கள். அந்த மருந்தை 1933இல் டேராடூனில் சொந்தி காமேசன் கண்டுபிடித்தார். செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்தது. கரையான் தொடாது, ஆனால் எரித்தால் ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். அந்தச் சாம்பலைத்தான் பாத்திரம் துலக்க எடுத்து வைப்பார்கள்.

மாமா வீட்டில் இப்போது குடிக்க ஆற்றுத் தண்ணீர், மாட்டுக்கு போர் தண்ணீர். மிச்சமிருந்த இரண்டு கேனை என்ன செய்தார் என்று கேட்டேன். "உனக்குத்தான் அம்மிணி கொண்டாந்திருக்கேன்" என்று சைக்கிள் கேரியரைக் காட்டினார்.